என் கணவரின் கதிரைக்கு அடியில் இருந்த மோட்டர்

லண்டனில் இறங்கியபோது என்னைக் கூட்டிப்போக என் தங்கை மனோ வரவில்லை. அவளுடைய கணவர் சிவநேசன் மட்டும் ஒரு கையில் என் பெயர் எழுதிய அட்டையும் மறுகையில் இடியப்பப் பொதியுமாக நின்றார். என்னைத் தெரியாதா என்ன, எதற்கு அட்டை என்று கேட்டேன்.

"எல்லாரும் பிடிச்சுக்கொண்டு நிண்டவை அக்கா. அதுதான் நானும் ஒண்டு எழுதினனான்" என்றார்.

மனோ வராதது எனக்குச் சுட்டது. பதினொரு வருடமாக நேரில் பார்க்காத அக்கா வருகிறாள், வண்டியில் ஏறி ஒரு நடை வந்து நின்றால் என்ன குறைந்துவிடும்? இந்தக் கோபத்தை அவர்கள் வீடு இருக்கும் நோர்பரி வரைக்கும் இறக்கிவைக்காமல்தான் கொண்டுபோனேன். சிவநேசன் வழி முழுக்கப் பாரிஸைப் பற்றியே பேசினார். பதினைந்து வருடம் அங்கே இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். குளியலறைகளுக்குத் தரை ஓடு, சுவர் ஓடு பதிப்பது தொழில். லண்டன் பாணில் உப்பு இல்லை, லண்டன் தெருக்களில் ஒழுங்கு இல்லை, லண்டன் ஓடுகள் தட்டினால் வெறும் சத்தம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பிறகேன் இங்கே வந்தீர்கள் என்று கேட்டால், "தமிழ்க் கடை கிட்ட இருக்கு" என்கிறார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாணத்தில் நானும் என் கணவரும் ஜப்பான் வாகனங்களுக்கு உதிரிப்பாகம் விற்கிறோம். அவர் பின்னால் களஞ்சியத்தில் இருப்பார், நான் முன்னால் மேசையில். இருபத்திரண்டு வருடமாகிறது. ஒரு வானின் முகத்தைப் பார்த்தால் அது எந்த வருடம், எந்த இயந்திரம், எந்தப் பாகம் முதலில் தேயும் என்று சொல்லிவிடுவேன். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, அதை மறைப்பதில்லை. லண்டனில் நிற்கும் மூன்று கிழமையும் ஓர் ஆணியைக்கூடத் தொடுவதில்லை என்று சொல்லிக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

நோர்பரி வீட்டுக் கதவைத் திறந்தது மனோதான். சக்கர நாற்காலியில் இருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் முதுகில் ஒரு சத்திரசிகிச்சை நடந்தது, அதன் பிறகு கால்களுக்கு வலுவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் வீடியோ அழைப்பில் முகம் மட்டும்தானே தெரியும். முகம் எப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. வழியெல்லாம் சுமந்துவந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

மேசையில் முட்டைக் குழம்பு, கத்தரிக்காய் வெள்ளைக்கறி, சொதி. சிவநேசன் கையளவு நீளத்துக்குப் பாணை முறித்துச் சொதிக்குள் தோய்த்துச் சாப்பிட்டார். விமான நிலையத்துக்கு ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை, மனோ தானாகவே சொன்னாள்.

"ராக்சியில ஏத்தோணும், இறக்கோணும். இவர்தான் தூக்கிறவர். கோயில் வாசலில சனம் பாத்துக்கொண்டு நிக்கும். ஒராள் கையைப் பிடிக்கும், ஒராள் காலைப் பிடிக்கும், ஒரு மனிசி 'பாவம்' எண்டும். நான் என்ன சாமானே அக்கா, எல்லாரும் சேந்து இறக்கிறதுக்கு?"

ஆஸ்பத்திரியைத் தவிர அவள் வாசல் தாண்டி ஒரு வருடம் ஆகிறது. நோர்பரிக் கடைவீதியில் அவளைத் தெரியாத கடைக்காரர் இல்லை. முருங்கைக்காய் முற்றிவிட்டது என்று சண்டை பிடித்துத் திருப்பிக் கொடுக்கிற ஆள். அவளை வீட்டுக்குள் வைத்துப் பார்க்க எனக்கு என்னவோ செய்தது.

அவள் படுக்கப் போன பிறகு சிவநேசன் தொலைபேசியை என் முன்னால் வைத்தார். ஜப்பானில் இருந்து இறக்குமதியான ஒரு வானின் படம். நடு வரிசையில் இடப்பக்க ஆசனம் ஒரு பொத்தானை அமத்தினால் கதவுப் பக்கம் திரும்பும், வெளியே வரும், மெதுவாகக் கீழே இறங்கி நாற்காலி உயரத்துக்கு வந்து நிற்கும். ஏறும்போதும் அப்படியே. பக்கத்தில் யாரும் வேண்டியதில்லை.

"அக்கா வந்தாப் பிறகுதான் வாங்கிறது எண்டு வைச்சிருந்தனான். எனக்கு ஓடு தெரியும், வான் தெரியாது" என்றார்.

ஆணியைத் தொடுவதில்லை என்ற விரதம் முதல் நாளோடு முடிந்தது.

அடுத்த நாள் நகரத்தின் ஓரத்தில் இருந்த ஒரு விற்பனை முற்றத்துக்குப் போனோம். கப்பலில் வந்த வான்கள் ஆறு ஏழு வரிசையாக நின்றன. எந்த நிறுவனத்தின் வான் என்று சொல்லமாட்டேன், விளம்பரமாகிவிடும். சிவநேசன் ஒவ்வொரு வானையும் விரல் கணுவால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். ஓடு வெடித்திருக்கிறதா என்று பார்க்கிற பழக்கம். விற்பனையாளர் அவரை ஒரு பெரிய நிபுணர் என்று நினைத்து மரியாதையாக விலகி நின்றார்.

நான் ஒரு மட்டைப்பெட்டியை விரித்து நிலத்தில் போட்டு, சட்டையைச் சுருட்டிக்கொண்டு வானுக்கு அடியில் புகுந்தேன். துருவே இல்லை. எங்கள் ஊருக்கு வருகிற வான்களைவிடச் சுத்தம். வெளியே வந்து ஏலத் தாளைக் கேட்டேன். ஜப்பானில் ஏலம் விடும்போது வானைப் பரிசோதித்து எழுதுகிற ஒற்றைத் தாள் அது. வானின் படம் வரைந்து, கீறல் எங்கே, நெளிவு எங்கே என்று குறித்திருப்பார்கள். எங்கள் ஊரில் பெண் பார்க்கிறவர்கள் சாதகத்தை வாசிக்கிற மாதிரி நாங்கள் இந்தத் தாளை வாசிப்போம். பின் கதவில் ஒரு கீறல், முன் மூலையில் சின்ன நெளிவு, வேறொன்றும் இல்லை என்று விற்பனையாளருக்கே விளங்கப்படுத்தினேன். தாளின் அடியில் யாரோ கையால் ஜப்பான் மொழியில் ஒரு வரி எழுதியிருந்தார்கள். அது எனக்கு வாசிக்கத் தெரியாது. தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை, மடித்துக் கொடுத்துவிட்டேன்.

ஆசனத்தை ஓடவிட்டுப் பார்த்தோம். திரும்பியது, வந்தது, இறங்கியது. இறங்கும்போது 'கிர்ர்' என்று ஒரு சத்தம்.

"எண்ணெய் காணாது, கொஞ்சம் விட்டாச் சரி. எடுங்கோ" என்றேன்.

வான் வீட்டு வாசலுக்கு வந்தபோது மனோ யன்னலால் பார்த்துவிட்டு முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு சிவநேசனை ஏன் கேட்காமல் வாங்கினீர்கள் என்று ஏசினாள். கதவு இடப்பக்கம். எங்கள் ஊரைப்போல இங்கேயும் வாகனங்கள் இடப்பக்கம்தான் ஓடுகின்றன, அதனால் ஆசனம் நேராக நடைபாதையில் வந்து இறங்கும். "பாரிஸ் எண்டால் நான் நடுறோட்டிலதான் இறங்கியிருப்பன்" என்று மனோ சொன்னாள். பாரிஸைப் பற்றி யாராவது குறை சொல்லியும் சிவநேசன் பதில் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

அவள் ஏறினாள். தெருவைச் சுற்றி வந்தோம். கடைவீதியில் வானை நிறுத்திக் கண்ணாடியை இறக்கி, மரக்கறிக் கடைக்காரரைக் கூப்பிட்டு வெண்டைக்காய் நல்லதா என்று விசாரித்தாள். அவர் கடையை விட்டு ஓடி வந்து, "எங்கை அக்கா இவ்வளவு நாளும்" என்று கேட்டார். அவள் எதுவும் வாங்கவில்லை. விசாரித்ததே போதும் என்கிற மாதிரி இருந்தாள்.

திரும்பி வந்து வாசலில் இறங்கும்போது ஆசனம் நின்றுவிட்டது.

பாதி வெளியே, பாதி உள்ளே. நிலத்துக்கு மேலே மனோவின் கால்கள் தொங்கின. பொத்தானை அமத்தினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது. அந்த நேரம் பார்த்து மழையும் தூறத் தொடங்கியது. எதிர்வீட்டில் இருக்கும் ஜமெய்க்காக்காரர், வயதானவர், ஒரு பெரிய குடையோடு தெருவைக் கடந்து வந்து அவளுக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். "எனக்கு அவசரமில்லை, பிள்ளை. உனக்கும் இல்லை போல இருக்கிறது" என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னதும் மனோ சிரித்துவிட்டாள். நான் அடியில் படுத்துக் கம்பிகளை ஆட்டிப் பார்த்தேன், பியூஸை மாற்றிப் பார்த்தேன். மோட்டர் செத்திருந்தது. கடைசியில் சிவநேசன்தான் அவளைத் தூக்கி இறக்கினார். எதிர்வீட்டுக்காரர் ஒரு காலைப் பிடித்தார். அடுத்த வீட்டுப் பெண் கதவைத் திறந்து பார்த்தாள்.

உள்ளே போனதும் மனோ, "திருப்பிக் குடுத்திடுங்கோ. இனி எனக்கு வேண்டாம்" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வானோடு வந்திருந்த அந்த ஏலத் தாளைத் தொலைபேசியில் படமெடுத்து மொழிபெயர்க்கக் கொடுத்தேன். கையால் எழுதியிருந்த வரி இதுதான்: 'ஆசனம் இறங்கும்போது சத்தம் உண்டு.' இருபத்திரண்டு வருட அனுபவத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது? நான் பார்த்துச் சொன்ன வான். நான் 'எண்ணெய் காணாது' என்று சொன்ன சத்தம். சரிசெய்யாமல் ஊருக்குத் திரும்புவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன். ஆனால் விமானச் சீட்டில் திகதி இருந்தது, இன்னும் பதினேழு நாள்.

அதற்குப் பிறகு நான் பார்த்த லண்டன் முழுவதும் வாகனத் திருத்துமிடங்களும் பழைய வாகனம் உடைக்கிற முற்றங்களும்தான். பக்கிங்ஹாம் அரண்மனை எப்படி இருந்தது என்று ஊரில் கேட்கிறவர்களுக்கு, அதன் வாசலைத் தாண்டிப் போன பஸ்சில் நான் பாகத்தின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. இயந்திரப் பாகமா, நாளைக்கே தருகிறோம் என்றார்கள். ஆசனத்து மோட்டரா, அப்படி ஒன்று இருக்கிறதா என்று எங்களையே கேட்டார்கள். ஜப்பானில் இருந்து எடுப்பிக்கலாம், கப்பலில் மூன்று மாதம் என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் அந்த மோட்டரைச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள் என்றார்.

உடைக்கிற முற்றம் ஒன்றில் கழுத்து வரைக்கும் பச்சை குத்திய ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். அவருடைய ஆங்கிலம் எனக்கு அரைவாசிதான் விளங்கியது, என்னுடையது அவருக்குக் காற்பங்கு. ஆனால் நான் பாகங்களின் எண்களைச் சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்தது. நான் ஓர் எண்ணைச் சொல்வேன், அவர் அது எந்தப் பாகம் என்பார். அவர் ஓர் எண்ணைச் சொல்வார், நான் அது எந்த வருடத்து வான் என்பேன். சிவநேசன் நடுவில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் அந்த மனிதர் எனக்குப் பால் தேநீர் ஊற்றித் தந்து, தன்னிடம் வேலைக்கு வருகிறீர்களா என்று கேட்டார். எல்லாம் இருந்தது அவரிடம், ஆசனத்து மோட்டரைத் தவிர.

திரும்பும் வழியில் பொரித்த மீனும் கிழங்கும் வாங்கிச் சாப்பிட்டோம். மீன் நல்ல மீன்தான். ஆனால் வினாகிரியை அதன் தலையில் ஊற்றி ஏன் கொல்கிறார்கள் என்று தெரியவில்லை. அதைச் சாப்பிட்டுக்கொண்டே சிவநேசன் கேட்டார்: "அக்கா, ஊரில இப்பிடி ஆசனம் வாறேல்லையோ?"

"வரும். ஆர் வைச்சிருக்கினம்? வந்த உடனையே கழட்டி எறிஞ்சுபோட்டு ரெண்டு சாதாரண சீற் போட்டு ஹயருக்கு விடுவினம்…"

பேச்சு அங்கேயே நின்றது. மீன் துண்டு கையில் அப்படியே இருந்தது. ஏழு வருடத்துக்கு முன் சுன்னாகத்தில் வான் ஓட்டுகிற ஒருவர் இதே ஆசனத்தைக் கழற்றிக் கொண்டுவந்து எங்கள் கடைப் பின்புறத்தில் போட்டுவிட்டுப் போனார். ஒருவரும் வாங்கவில்லை. பழைய இரும்புக்குக் கொடுக்கலாம் என்று நான் எத்தனையோ தரம் சொன்னேன். என் கணவர் விடவில்லை. காரணம், மத்தியானம் சாப்பிட்ட பிறகு அவர் தூங்குவது அதில்தான்.

மீன் கடைக்கு வெளியே நின்றபடியே அவரை அழைத்தேன். ஊரில் பின்னேரம்.

"இஞ்சரப்பா, இப்ப எதில இருக்கிறியள்?"

"கதிரையில."

"எந்தக் கதிரையில?"

"என்ர கதிரையில. ஏன்?"

"எழும்புங்கோ. எழும்பி அதைக் கவிட்டுப் போட்டு அடியைக் காட்டுங்கோ."

அவர் வீடியோவைப் போட்டதும் தொலைபேசி ஆடியது. கூரை தெரிந்தது, அவருடைய மூக்கு தெரிந்தது, பிறகு ஆசனத்தின் அடிப்பக்கம். தூசு, சிலந்திவலை, நான் தொலைத்துவிட்டேன் என்று ஒரு மாதம் அவர் என்னோடு சண்டை பிடித்த மூக்குக்கண்ணாடி. அதற்குப் பின்னால் சின்னத் தேங்காய் அளவில் மோட்டர். எண்ணை வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். நான் தேடித் திரிந்த அதே எண். சிவநேசனின் கையைப் பிடித்து அமத்தினேன், அவர் பயந்துபோனார்.

"உதைக் கழட்டினாக் கதிரை ஒரு பக்கம் சரியும்" என்றார் என் கணவர்.

"சரியட்டும். மனோ ஒரு வருசமா வீட்டுக்குள்ள இருக்கிறாள்."

அவர் சரியப்போகிற கதிரையை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு, "கழட்டுறதுக்குப் பத்தாம் நம்பர் சாவியோ, பன்ரெண்டோ?" என்று கேட்டார்.

"பத்து" என்றேன்.

இனி அதைக் கொண்டுவர வேண்டும். யாழ்ப்பாணத்தில் இருந்து லண்டனுக்கு ஒரு பார்சல் போகவேண்டுமென்றால் தபால் கந்தோரைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. 'ஆர் போகினம்?' என்று நான்கு பேரைக் கேட்டால் போதும். ஒரே நாளில் ஆள் கிடைத்தது. மானிப்பாயில் இருந்து சந்திரா ரீச்சர் ஹரோவில் இருக்கும் மகன் வீட்டுக்கு அடுத்த கிழமை பயணம். இரண்டு கிலோவுக்கு மேலே ஏலாது என்று சொல்லியிருந்தார். மோட்டரோடு மனோவுக்குக் கொஞ்சம் கருவாடும் வைக்கிறேன் என்றார் என் கணவர். வேண்டாம் என்று சொன்னேன். அவர் கேட்கிறவரா?

காத்திருந்த நாட்களில் ஒரு நாள் நான் மட்டும் ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போனேன், அல்லது போகப் புறப்பட்டேன். நோர்தேர்ன் லைன் என்ற சுரங்க ரயில் ஒரே பெயரில் ஓடினாலும் நடுவில் இரண்டாகப் பிரிகிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆர்ச்வே வரும் வரும் என்று இருந்து, கடைசியில் ரயில் நிலத்துக்கு மேலே வந்துவிட்டது. பெயர்ப்பலகையில் வேறு ஊர். அங்கே தொப்பி போட்ட ஒரு வயதான அம்மா, நான் எங்கே போகவேண்டும் என்று கேட்டு, தான் போகவேண்டிய திசையை விட்டு என்னோடு பாதை பிரிகிற கம்டன் வரை திரும்பி வந்து சரியான மேடையில் நிறுத்தினார். என்ன வேண்டுதல் என்று கேட்டார். வானுக்கு ஒரு மோட்டர் என்றேன். "நானும் சொல்லி வைக்கிறேன்" என்றார். அவர் எந்தக் கடவுளிடம் சொல்வார் என்று நான் கேட்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் சொல்வது நல்லதுதானே. முருகனிடம், உனக்கென்ன, மயிலுக்குப் பாகம் தேட வேண்டிய தேவை இல்லை என்று கொஞ்சம் கோபமாகவே சொல்லிவிட்டு வந்தேன்.

ரீச்சர் வியாழக்கிழமை வந்து இறங்கினார். களைப்பாக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வாருங்கோ என்றார். எனக்குப் புதன்கிழமை பயணம். மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

ஹரோ வீட்டில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. ரீச்சர் கதவைத் திறந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, ஒரு பிழை நடந்துபோச்சு" என்றார்.

நடந்தது இதுதான். என் கணவர் மோட்டரையும் கருவாட்டையும் தனித்தனியாக ஒரே மாதிரிப் பத்திரிகைத் தாளில் சுற்றி, ஒரே மாதிரி ஒட்டுநாடா போட்டிருக்கிறார். ரீச்சரின் பெட்டிக்குள் ஏற்கனவே அதே மாதிரிச் சுற்றிய பொதிகள் பத்துப் பன்னிரண்டு. விமான நிலையத்தில் பாரம் சரிபார்க்க எல்லாவற்றையும் வெளியே எடுத்து, கலந்து, திரும்ப அடுக்கியிருக்கிறார்கள். ஹரோவுக்கு வந்ததும், ஊரில் இருந்து வந்த பொதியை நாங்கள் என்ன செய்வோமோ அதைத்தான் ரீச்சரும் செய்தார். பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஃப்ரீஸருக்குள் வைத்துவிட்டார்.

"உம்மட கருவாட்டை எங்கட எண்டு நினைச்சு வெள்ளிக்கிழமை சமைச்சுப்போட்டம். விரத நாளான வெள்ளியில மீன் சமைச்சதுக்குத்தான் இந்தப் பிழை வந்தது எண்டு மருமகள் ஏசுறா" என்றார். "நல்ல ருசி" என்றும் சேர்த்துக்கொண்டார்.

"அது காரியமில்லை ரீச்சர். மற்றது எங்கை?"

குசினிக்குக் கூட்டிப்போனார். அடுப்புக்குப் பக்கத்தில் நறுக்கிய கத்தரிக்காய், உரித்த உள்ளி, கரைத்த புளி. அவற்றின் நடுவில் ஒரு பீங்கானில், உறைபனி உருகி நீர் வடிய, பத்திரிகைத் தாளில் சுற்றியபடி அது இருந்தது.

"இதைத்தான் இண்டைக்கு மத்தியானக் கறிக்கு எண்டு எடுத்து வைச்சனான். கத்தியால வெட்டப் பாத்தன், ஏலேல்லை. நல்ல முத்தின பாரைக் கருவாடாக்கும் எண்டு நினைச்சன்" என்றார் ரீச்சர்.

தாளைப் பிரித்தேன். மோட்டர் வெள்ளை வெளேரென்று பனி பூத்துப்போய் இருந்தது. ஓரத்தில் கத்தி பட்ட ஒரு கீறல். சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் சிரிக்க, ரீச்சர் சிரிக்க, சிவநேசன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மத்தியானக் கறி இல்லாத வீட்டில் முட்டை பொரித்துச் சோறு போட்டார்கள். கத்தரிக்காய்க் குழம்பு மட்டும், அதற்குள் ஒன்றும் இல்லாமலே, மிக நன்றாக இருந்தது.

நோர்பரிக்குத் திரும்பியதும் சிரிப்பு நின்றது. ஈரம் உள்ளே போயிருந்தால் முடிந்தது கதை. திறந்து துடைத்து, மனோ தலைமயிர் காயவைக்கிற கருவியை எடுத்து மோட்டருக்குப் பிடித்துக்கொண்டே இருந்தேன். சூடு ஏற ஏறக் கருவாட்டு வாசம் வீடு முழுக்கப் பரவியது. மனோ அறைக்குள் இருந்தபடி, "ஆர் கருவாடு பொரிக்கிறது?" என்று கேட்டாள். அவளுக்கு நாங்கள் மோட்டர் எடுப்பித்த கதையே சொல்லவில்லை. இன்னொரு முறை ஆசை காட்டி இன்னொரு முறை தொங்கவிட எனக்குத் துணிவில்லை.

திங்கட்கிழமை காலை மோட்டரை ஆசனத்தில் பொருத்திப் பூட்டினேன். சிவநேசன் விளக்குப் பிடித்தார். பொத்தானை அமத்தினேன். இறங்க வேண்டிய ஆசனம் மேலே ஏறியது. கம்பிகளைப் பார்த்துவிட்டுச் சிரித்தேன். இரண்டு கம்பிகளை இடம் மாற்றினால் சரி. மாற்றினேன், இறங்கியது. முதலில் நான் இருந்து பார்த்தேன், பிறகு சிவநேசனை இருத்திப் பார்த்தேன், பிறகு அவரையும் இரண்டு பெட்டி தரையோட்டையும் ஏற்றி இறக்கிப் பார்த்தேன். முப்பது தரம். சத்தமே இல்லை. நிமிர்ந்து பார்த்தால் மனோ யன்னலடியில் இருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்த்தாளோ தெரியாது.

"நாளைக்குச் செவ்வாய்" என்றாள். முருகனுடைய நாள். அவ்வளவுதான் சொன்னாள்.

புது வாகனத்தைக் கோயிலில் காட்டாமல் ஓடுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. அதைச் செய்யாததால்தான் மோட்டர் செத்தது என்று ஊரில் பாதிப் பேர் சொல்லியிருப்பார்கள். அடுத்த நாள் ஆர்ச்வே மேட்டில், கோயில் வாசலில் வானை நிறுத்தினோம். ஐயர் கர்ப்பூரம் காட்டி, சந்தனப் பொட்டு வைத்து, நான்கு சில்லுக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார். சிவநேசன் ஓர் அடி முன்னுக்கு எடுத்தார், பழங்கள் நசுங்கின. பிறகு கதவு திறந்தது.

கோயிலுக்கு வந்த சனம் வழக்கம்போல் சுற்றி நின்றது. இரண்டு மூன்று பேர் கையை நீட்டிக்கொண்டு கிட்ட வந்தார்கள். சிவநேசனும் பழக்கத்தில் இரண்டு கையையும் நீட்டினார்.

"கையை எடுங்கோ" என்றாள் மனோ.

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவள் பொத்தானை அமத்தினாள். ஆசனம் திரும்பியது. வெளியே வந்தது. பாதியில், அன்றைக்கு நின்ற அதே இடத்தில், அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஆசனம் நிற்கவில்லை. இறங்கி இறங்கி நடைபாதைக்கு வந்தது. பக்கத்தில் இருந்த சக்கர நாற்காலிக்குத் தன் கைகளாலேயே மாறினாள். 'பாவம்' என்று யாரும் சொல்லவில்லை. ஒரு பெண், "இது எங்கை வாங்கினது?" என்று கேட்டாள்.

பூசை முடிந்து வந்து ஏறினாள். ஏறி உள்ளே போனவள் திரும்பவும் பொத்தானை அமத்தி இறங்கினாள். எதையாவது மறந்துவிட்டாயா என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை. சும்மா" என்றாள்.

எங்களுக்குப் பின்னால் ஒரு பஸ் நின்றது. சாரதி ஹோர்ன் அடிக்கவில்லை, கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மூன்றாவது தரமும் இறங்கினாள். நான் நடுத்தெருவில் நின்று அழுதேன், வெட்கப்படவில்லை.

புதன்கிழமை விமான நிலையத்துக்கு மனோவும் வந்தாள். ஆட்களை இறக்கிவிடுகிற இடத்தில் வண்டி கனநேரம் நிற்க விடமாட்டார்கள். நான் குதித்து இறங்கி என் பெட்டியை இழுத்தேன். அதற்குள் செத்துப்போன மோட்டர் இருந்தது, கம்பி சுற்றிப் பார்க்கலாம் என்று எடுத்துப்போகிறேன். எறிய மனம் வராத தொழில் எங்களுடையது.

"நான் இறங்கிறன்" என்றாள் மனோ.

"வேண்டாமடி. நேரமில்லை."

"நீ வரேக்கை நான் வரேல்லை. பேசாம நில்."

மஞ்சள் அங்கி போட்ட ஒரு காவலர் நேரமாகிவிட்டது என்று சொல்லத்தான் வந்தார். ஆசனம் வெளியே வருவதைக் கண்டதும், "ஆறுதலாக இறங்குங்கள், அம்மா" என்று சொல்லிப் பின்னால் வந்த வண்டிகளைக் கையால் மறித்தார். மனோ கீழே வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஆசனத்துக்கு அடியில் இன்னும் மெல்லிய கருவாட்டு வாசம் இருந்தது. பிறகு மேலே போனாள். கண்ணாடியை இறக்கி, "அத்தானிட்டச் சொல்லு, நான் தனியத்தான் இறங்கினனான் எண்டு" என்றாள்.

ஊருக்கு வந்து, பெட்டியையும் திறக்காமல் கடைப் பின்புறத்துக்குப் போனேன். மத்தியான நேரம். கதிரை அவர் சொன்னபடி இடப்பக்கம் சரிந்துதான் இருந்தது. அதில் அவரும் சரிந்தபடி, ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு இருந்தார். மனோ சொல்லச் சொன்னதைச் சொன்னேன்.

"எத்தினை தரம்?" என்று கேட்டார்.

"நான் பாத்தது நாலு" என்றேன்.

"காணும், அவ்வளவு போதும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.